மறுபடியும் டிரிப் ஆவுது

"டிரிப் சுவிட்ச எடுத்துட்டு டைரக்ட் குடுத்துடுங்க."

"குடுக்க மாட்டேங்க."

அனந்தமதிக்குக் கோபம் வந்தது. வழக்கமான மெக்கானிக் ஜெயராமன் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டார். அவருக்குப் பதிலாக மழையில் சொட்டச் சொட்ட வந்து நின்றவன் இந்தக் குரு. முதல் பேச்சே மறுப்பு... இவனுக்கு இவ்வளவு அழகான கண்களை யார் கொடுத்தது?

கம்ப்யூட்டரைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. கூடவே நைனாவின் ஆக்சிஜன் மெஷினும் நின்றுவிடுகிறது. போடாவிட்டால், வீட்டிலிருந்து அவள் பார்க்கும் வேலை போய்விடும். நைனாவுக்கு மகள் அவளை விட்டால் யாரும் இல்லை.

"பயமா இருந்தா போங்க. வேற ஆள பாத்துக்குறேன்."

அவன் போகவில்லை. முதலில் நைனாவுக்குச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டச் சொன்னான். பிறகு கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, அதை மட்டும் பிளக்கில் செருகினான். டப்பென்று வீடு அணைந்தது.

"இதுக்குள்ளயே கரண்ட் கசியுது. டிரிப் சுவிட்ச் இல்லன்னா உங்கள அடிச்சிருக்கும்."

"உங்களுக்கு இன்னா தெரியும், என் கஷ்டம்..."

"எங்க வூட்லயும் கிரைண்டர் போட்டா டிரிப் ஆச்சு. நான்தான் டைரக்ட் குடுத்தேன். மறுநாள் மாவாட்டப் போன அம்மா..."

அந்தக் கண்களை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

மழையிலேயே போய் வேறு பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினான். வீடு அணையவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தாள்... வறட்டுக் கௌரவம் விடவில்லை.

தையில் நைனா போய்விட்டார். மெஷின் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நுரையீரல்தான் கேட்கவில்லை.

இருபது நாள் கழித்து அவளே போன் செய்தாள்.

"மறுபடியும் டிரிப் ஆவுது."

குரு வந்தான். போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான்.

"ஒண்ணும் இல்லையேங்க..."

"இல்லதான். பொய் சொன்னேன்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "உங்கள வரவெக்க வேற வழி தெரியல. அன்னிக்கு அப்டிப் பேசிட்டேன்... அன்னியிலருந்து மனசு பூரா நீங்கதான்."

அவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

"நைனா போன அன்னிக்கு வந்தேங்க. தெருமுனையிலயே நின்னு திரும்பிட்டேன். அப்பறமும் டெய்லி வந்தேன்... புடிச்சவங்க கிட்ட நான் போனா எதனா ஆயிடுமோன்னு பயம்."

ஜைனர் வீடு. இருட்டிய பிறகு சாப்பிடும் வழக்கம் இல்லை. ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

"பொழுது போறதுக்குள்ள சாப்டணும். தனியா தொண்டைல எறங்க மாட்டேங்குது... ரெண்டு தட்டு வெக்கட்டுமா?"

குரு பையை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.