பின்பக்க ஸ்பீக்கர்

குரல் பின் சீட்டிலிருந்து வந்தது. அங்கே ஸ்பீக்கரே கிடையாது.

வடலூரில் ரெஜினின் கார் ஆடியோ கடை வாசலில், சாரல் அடித்துக்கொண்டிருந்த சாயங்கால வேளையில், குமரவேல் தன் பழைய பியட் காருக்குள் உட்கார்ந்து புது செட்டைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் திரையைத் தொட்டார். "அப்பா, பஸ்ஸு ஏறிட்டேன்" என்றாள் சண்முகப்பிரியா. டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். அவருக்கோ பிடரிக்குப் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தார். சீட் காலி. அதன் பின்னாலிருந்த பலகையில், சென்னையிலிருந்து இன்னும் வந்து சேராத ஸ்பீக்கர்களுக்காக ரெஜின் அறுத்து வைத்திருந்த இரண்டு வட்ட ஓட்டைகள் மட்டும் தெரிந்தன.

"ரெஜின், பின்னாடி எதுனா கனெக்‌ஷன் குடுத்திருக்கியா?"

"ஒயரே இழுக்கல சார். சரக்கு வரட்டும்னு வுட்டு வச்சிருக்கேன்." ரெஜின் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி எட்டிப் பார்த்தான். "பழய வண்டி, ஒடம்பு பூரா தகரம். முன்னாடி பேசுனா பின்னாடி அதிரத்தான் செய்யும்."

குமரவேல் தலையாட்டினார். நிலக்கரி மைன்ஸில் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டியே முக்கால் ஆயுசைக் கழித்தவருக்குத் தகரம் அதிர்வது தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் அந்தப் பதில் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

சண்முகப்பிரியா இறந்து மறுநாளோடு ஒரு வருஷம். ஒரே மகள். கடலூரில் படித்துக்கொண்டு வாரக்கடைசியில் வீட்டுக்கு வருவாள். அவள் குரல் இப்போது அவர் போனில் மட்டும்தான் இருந்தது, அவ்வப்போது பேசி அனுப்பிய சின்னச் சின்ன வாய்ஸ் மெசேஜ்களாக. காரியம் முடிந்த கையோடு அதை மனைவி திலகவதிக்குப் போட்டுக் காட்டினார். எந்திரச் சத்தத்தில் பாதி போய்விட்ட காது அவருக்கு. அதனால் போனை முழுச் சத்தத்தில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது. திலகவதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எம்பொண்ணு கொரலு இது இல்ல. தகர டப்பாலேர்ந்து யாரோ பேசறாங்க. நிறுத்துங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன மாதம் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "ஏங்க, அவ கொரலு எனக்கு மறந்து போச்சுங்க" என்றாள். பிணத்தைக் கொண்டுவந்து போட்டபோதுகூட அப்படி அழுததில்லை. அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மகளை அடுத்து இவளும் போய்விடுவாளோ என்று குமரவேலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தெவசத்துக்குள் அந்தக் குரலை அவளுக்கு மீட்டுக் கொடுத்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

வீட்டுக்கே ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம். ஆனால் பிரியா கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டில் பேசியதைவிட இந்தக் காரில் பேசியதுதான் அதிகம். ரிட்டயர்டு ஆகி ஊருக்குப் போன இன்ஜினியர் ஒருவரிடம் வாங்கிய, பால்கோவா நிறத்துப் பியட். பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் இருக்கும் அப்பா அம்மா இருவர் தோளிலும் கையைப் போட்டபடி, பண்ருட்டி போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் பேசுவாள்.

மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்தபோது ரெஜின் முதலில் பெரிய தொடுதிரையைக் காட்டினான். டேஷ்போர்டை அறுக்க வேண்டும் என்றதும் குமரவேல் வேண்டாம் என்றுவிட்டார். பழைய ரேடியோ இருந்த பொந்திலேயே உட்காரும்படி, இரண்டு திருகும் முள்ளும் வைத்துப் பழைய முகத்தோடு ஒரு செட் இருந்தது. உள்ளே ப்ளூடூத். "பழைய மொந்தையில புதுக் கள்ளு சார்" என்று சிரித்தான். "பேஸ் எப்பிடி வேணும்? பாட்டு அதிர அதிர கேப்பீங்களா?"

"பாட்டு இல்லப்பா. பேச்சு மட்டுந்தான்."

"பிரசங்கமா சார்?"

"ஒரு பொண்ணோட பேச்சு."

அந்த ரோட்டில் கடை வைத்திருந்த ரெஜினுக்கு, பிரியா செத்துப்போன அந்த விபத்து தெரியும். அதிரவைக்கும் ஊஃபரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பேச்சைத் தெளிவாகக் கொடுக்கிற ஸ்பீக்கர்களாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். குமரவேல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஒரே மெசேஜைப் போட்டுக் கேட்டார். ஒன்றில் பிரியா ரேடியோவில் செய்தி வாசிப்பவள் ஆனாள். ஒன்றில் சளி பிடித்தவள் ஆனாள். கடைசியாக வைத்ததில், "அப்பா" என்பதை இழுத்து முடிக்கும்போது அவள் தொண்டையில் விழுகிற சின்ன உடைசல்கூட அப்படியே வந்தது. குமரவேல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். ரெஜின் கடைக்குள் போய் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டான்.

கிளம்பும்போது மழை வலுத்திருந்தது. இருட்ட இன்னும் நேரமிருந்தாலும் வானம் நிலக்கரிச் சாந்தாகக் கருத்துக் கிடந்தது. வைப்பர் தேய்ந்த ரப்பரோடு கண்ணாடியைக் கரகரவென்று வழிக்க, முந்திரிக்காட்டிலிருந்து வந்த ஈரச் சருகு வாசமும் சூடான தாரில் தண்ணீர் பட்ட வாசமும் கதவிடுக்கு வழியே உள்ளே ஏறி, புது ஒயரின் பிளாஸ்டிக் வாசத்தோடு கலந்துகொண்டிருந்தன. குமரவேல் கடைசி மெசேஜைப் போட்டார். 

"அப்பா, வடலூர்ல எறங்கிட்டேன். மழ ஊத்துது. காரை எடுத்துகினு வாப்பா. பஸ் ஸ்டேண்டுலயே நிக்கறேன்."

அன்றைக்கு உடனேதான் கிளம்பினார். அதற்குள் மழை கொஞ்சம் விட, கூடப் படித்தவள் ஸ்கூட்டியில் வர, பிரியா அதில் ஏறிவிட்டாள். பாதி வழியில், நிலக்கரிச் சாம்பல் ஏற்றி வந்த லாரி அடித்துவிட்டது. எதிரே வந்துகொண்டிருந்த குமரவேல் கண்டதெல்லாம் ரோட்டில் ஒரு கூட்டம். பிள்ளை நனைவாளே என்ற பதைப்பில் ஹாரனை விடாமல் அடித்தார்; கூட்டம் வழி விட்டது; தாண்டிப் போய், போன் வரும்வரை பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடிக்கொண்டு நின்றார். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதை நினைத்தால்தான் நெஞ்சு வெந்தது.

மறுபடி போட்டார். மறுபடி. போனில் கேட்காததெல்லாம் இப்போது கேட்டது. மழை இரைச்சல். பஸ் கண்டக்டரின் விசில். அவள் செருப்பு சேற்றில் மாட்டி எடுபடும் சத்தம். "நிக்கறேன்" என்று முடிந்த பிறகும் ஒரு மூச்சு. அந்த மூச்சு முன்னாலிருந்து வரவில்லை.

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

விபத்து நடந்த அந்த இடம் வந்தது. அங்கேயே வண்டிகள் தேங்கி நின்றன. முன்னால் வரிசையாகச் சாம்பல் லாரிகள். குமரவேல் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றார். மழை கூரையில் கொட்டியது. லாரிகள் மெல்ல நகர, அவர் கை தானாகப் போய் ஹாரனை அமுக்கியது.

மைன்ஸ் பழக்கம் அது. எந்திரத்தை அசைக்கும் முன் ஹாரன் கொடுக்க வேண்டும். கீழே நிற்கிற ஆள் 'ரைட்' சொல்லும்வரை அசைக்கக் கூடாது. சொன்ன பிறகு நிற்கக் கூடாது. காரிலும் அவருக்கு அது விடவில்லை. திலகவதி கேலி செய்வாள். பிரியாதான் சின்ன வயதிலிருந்தே பின்னாலிருந்து பதில் கொடுப்பாள்.

"ரைட்ப்பா. போலாம்."

கை கியரைத் தட்டிவிட்டது. கால் கிளட்ச்சை விட்டது. கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் புத்தி விழித்தது. போன் பையில் அணைந்து கிடந்தது. செட்டில் விளக்கில்லை. காரின் பின்பக்கம் தாழ்ந்தது. சீட்டு ஸ்பிரிங் முனகியது, ஒரு ஆள் உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

அதுவரை வந்தது வெறும் குரல். அவள் உயிர் போன இடத்தில் நின்றுகொண்டு, ஹாரன் அடித்துப் போகலாமா என்று கேட்டது அவர்தான். அவள் ஏறிக்கொண்டாள்.

தேங்காய் எண்ணெய் வாசம். நனைந்த தலைமுடி வாசம். அதற்கும் அடியில் இரும்பு வாசம்.

"பாப்பா?" என்றார்.

மூச்சு மட்டும். உள்ளே போவதற்கே சிரமப்படும் மூச்சு.

கதவைத் திறந்து குதித்து ஓடிவிடலாமா? ஓட மனம் வரவில்லை. மழையில் மகளை இன்னொரு தரம் விட்டுவிட்டுப் போக எந்தத் தகப்பனால் முடியும்? அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினார்.

"கூட்டமா இருந்துதேப்பா." குரல் பிடரியில் பட்டது. ஈரமாக. "ஹாரன் அடிச்சியே. கேட்டுது."

"தெரியாதுடா. நீன்னு தெரியாதுடா கண்ணு."

"குளிருதுப்பா. அம்மாகிட்ட போலாம்."

அந்தச் சொல்லில்தான் குமரவேலின் உடம்பு சில்லிட்டது. திலகவதி ஏற்கெனவே பாதி உயிராகக் கிடக்கிறாள். இதை அவள் கேட்டால் இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டாள். வீட்டுக்குப் போகக் கூடாது. பின்னால் வண்டிகள் நெருக்க, திரும்ப வழியில்லை. டவுன்ஷிப்புக்குள் நுழைந்து, தங்கள் பிளாக்கைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறி, எங்காவது. எவ்வளவு தூரமானாலும். அவளோடு அவர் மட்டும் போனால் போதும்.

டவுன்ஷிப் வாசலின் ஆர்ச் கேட்டைத் தாண்டினார். மரங்கள். மஞ்சள் விளக்குகள். ஆளில்லாத ரோடு. தங்கள் தெருமுனை வந்தபோது ஆக்சிலேட்டரை அமுக்கினார்.

நடு ரோட்டில் குடை.

மழை நாளில் அவர் வரத் தாமதமானால் திலகவதி தெருமுனைக்கு வந்து நிற்பாள். இந்த ஒரு வருஷமாக அப்படித்தான். பிரேக்கை அழுத்தியதில் கார் வழுக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். குடை கையிலிருந்து விழுந்தது.

"கிட்ட வராத திலகா! கதவத் தொறக்காத!"

பின்கதவு திறந்தது. மூடிக்கொண்டது.

"இப்பிடியா நனையறது?" என்றாள் திலகவதி. ஒரு வருஷமாக அவர் கேட்டிராத குரல். சோற்றுக்குக் கூப்பிடும்போது வருகிற அந்தப் பழைய குரல்.

"எறங்கு திலகா. கையெடுத்துக் கும்புடறேன், எறங்கு."

"சும்மா இருங்க. புள்ளைக்கி சளி புடிச்சிக்கும்."

குமரவேல் திரும்பப் போனார்.

"திரும்பாதீங்க" என்றாள் அவசரமாக. "மொகம் நல்லால்லன்னு வெக்கப்படுறா."

அவர் திரும்பவில்லை. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தார். திலகவதி ஓரமாக உட்கார்ந்து, சேலை முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் யாருமில்லை. முந்தானை மட்டும் அந்தரத்தில், ஒரு தலையின் மேல் கிடந்தது. ஒரு பக்கம் உருண்டையாக. மறுபக்கம் உள்ளே குழிந்து. அந்தக் குழிக்கு வந்ததும் திலகவதியின் கை மெதுவானது. நோகாமல் ஒற்றி ஒற்றி எடுத்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சேலை உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. மறுபடியும் உள்ளே இழுபட்டது.