உலக்கையில் இரண்டு பேர்

எங்கள் பாலைவன ஊரான அகதெஸில் கல்யாணம் என்றால் முதல் வேலை உரலைக் கழுவுவதுதான். உரல் வாயில் ஈர ஆட்டுத்தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் உலக்கைகளைக் கட்டிவிட்டால் தெந்தே மேளம் தயார். தோல் விறைப்பாக நிற்க, ஆளுக்கு ஒரு உலக்கையில் உட்கார வேண்டும். என் அக்காவின் கல்யாணத்தில் ஒரு பக்கம் பக்கத்து வீட்டு திமா அக்கா உட்கார்ந்தாள். மறுபக்கம், மூன்று வருடம் கெஞ்சிய பிறகு, நான்!

மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து ஒட்டகங்களில் வந்துகொண்டிருந்தார்கள். மேளத்துக்கு ஏற்றபடி ஒட்டகங்கள் எங்களைச் சுற்றி நடை போடும். மேளம் ஓய்ந்தால் ஒட்டகங்களும் நின்றுவிடும். அப்புறம் அந்த மலைக்காரர்கள் ஏழு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஸினா சித்தி மேளத்தை அடித்துப் பார்த்தார். 'டம்' என்று வர வேண்டியது 'தொப்' என்று வந்தது.

"யாருடி அது உலக்கையில? தகாமாவா, இல்ல ஈ உக்காந்திருக்கா?"

"நான்தான் சித்தி!"

"உன் பக்கம் தோல் தொங்குது பாரு. எந்திரி. பெரிய பொண்ணு யாராவது வாங்க!"

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"மடியில ஒரு கல்ல வச்சுக்கறேன் சித்தி. கனம் வந்துரும்."

"என்னத்தையாவது பண்ணு. சீக்கிரம்!"

கல்லுக்காகச் சுற்றிலும் பார்த்தபோதுதான் கைஷா கண்ணில் பட்டாள். தலைநகர் நியாமேயிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருக்கும் என் அத்தை மகள். காலையில் பாட்டு ஒத்திகையில் தப்பான இடத்தில் கைதட்டிவிட்டாள். பொடிசுகள் எல்லாம் அதே மாதிரி தட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அப்போதிலிருந்து சுவர் ஓரமாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சார்ஜ் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்களில் அத்தை மகளைக் கேலி செய்யாவிட்டால்தான் தப்பு. அதனால் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"ஏ கைஷா! இங்க ஒரு கல்லு வேணும். நீ வர்றியா?"

அவள் முறைத்தாள். "நான் கல்லா? நீ ஒட்டகத்து மேல ஒட்டற உண்ணி!"

"அதனாலதான் கூப்பிடறேன், எனக்குக் கனம் பத்தல. வந்து என் பக்கத்துல உக்காரு."

முறைப்பு போய்விட்டது. "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, தகாமா."

"உக்காரத் தெரியும்ல? அது போதும். பாட்டு முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கைஷா வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். சித்தி அடித்தார்.

டம்!

"இது மேளம்!" என்றார் சித்தி.

அதற்குள் தெருமுனையில் புழுதி கிளம்பியது. மணிகள் குலுங்க, சிவப்புக் குஞ்சங்கள் ஆட, ஒட்டகங்கள் வந்துவிட்டன. பெண்கள் பாட, சித்தி அடிக்க, ஒட்டகங்கள் தலையை நிமிர்த்தி எங்களைச் சுற்றி வந்தன. உலகத்திலேயே இப்படி ஒரு கல்யாணம் வேறு எங்கும் நடக்காது என்று எனக்குத் தோன்றியது.

திடீரென்று ஒரு ஒட்டகக்காரர் ஒட்டகத்தில் இருந்தபடியே கீழே சாய்ந்தார். கைஷாவின் தலையிலிருந்த நீல முக்காட்டை உருவிக்கொண்டு பாய்ந்து போனார்!

"திருடன்! திருடன்!" என்று கத்தியபடி கைஷா பாதி எழுந்துவிட்டாள்.

தொப்!

முன்னால் வந்த ஒட்டகம் தயங்கியது. சித்தியின் முகம் மாறியது.

"கைஷா, உக்காரு!" என்று நான் கத்தினேன். "அது மரியாதைடி! யாரோட முக்காட்ட எடுக்கறாங்களோ அந்தப் பொண்ணுக்குத்தான் பெருமை. மத்தவங்க துரத்திப் போய் வாங்கிட்டு வருவாங்க!"

"அது எங்கம்மாவோட கல்யாண முக்காடு!"

"திரும்பி வரும். மேளம் நின்னா எங்க மானம் போயிரும்!"

அவள் கண்ணில் தண்ணீர். தூரத்தில் நீலத் துணி பறந்துகொண்டிருந்தது. அவள் ஒருமுறை அதைப் பார்த்தாள், ஒருமுறை சித்தியைப் பார்த்தாள். பிறகு பொத்தென்று உட்கார்ந்து, உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டம்! டம்! டம்!

பாட்டு முடிகிற வரை அவள் அசையவில்லை. மாப்பிள்ளையின் தம்பி ஒட்டகத்தை விரட்டிப் போய் முக்காட்டை மீட்டு வந்து அவள் மடியில் போட்டார்.

"எங்க மலையில கூட மேளம் இவ்வளவு கணீர்னு கேக்காது. உலக்கையில யாரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க!" என்றார் சித்தி.

கைஷா என் அம்மாவிடம் போனைப் பிடுங்கி நியாமேக்குப் பேசினாள்.

"அம்மா! உன் முக்காட்ட ஒட்டகத்துல வந்து பறிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா! ஆனா நான் எந்திரிச்சு ஓடவே இல்ல. மேளத்த விடவே இல்ல!"

அத்தை அங்கிருந்து போட்ட குலவை, போனை விட்டு வெளியே வந்து முற்றம் முழுக்கக் கேட்டது.