காணாமல் போன இருபது நிமிட வெயில்

மாலை 4.10. நகராட்சி மொட்டைமாடியில் வெயில் காணாமல் போனது. 4.30க்குத் திரும்பி வந்தது. நாலு மாதமாக இதே திருட்டு. வெயிலைத் திருடுகிறவனை எந்தச் சட்டத்தில் போடுவது?

சின்ன ஊர். சோலார் திட்டத்துக்கு உதவி கேட்பதற்காக, மாடியில் கம்பம் நட்டு வெயிலை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். இந்த வாரம் அறிக்கை போக வேண்டும். தினமும் பள்ளம் விழுந்த அளவை அனுப்பினால் மேலிடம் திட்டத்தையே தூக்கிப் போட்டுவிடும்.

பொறியாளருக்குச் சந்தேகமே இல்லை. மாடிப்படியின் கீழே ஜெனரேட்டர் ஓட்டும் டீசல் அண்ணன்தான். சோலார் வந்தால் அவர் பிழைப்பு போகுமே! வேலைநீக்க உத்தரவு தயார். நகராட்சித் தலைவியம்மாவின் கையெழுத்துதான் பாக்கி.

மறுநாள் காலை 10.00. தலைவியம்மாவின் அறை. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி சாவகாசமாக மிதந்தது. சுவரில், அவர் போன மாதம் ஒன்பது நாள் பயிற்சிக்குப் போய் வாங்கிய சான்றிதழ். எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் மீட்டரக்காவுக்குத் தோன்றியது. வீடு வீடாக மீட்டர் பார்ப்பவள் அவள்; கருவியின் அளவுத் தாளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். எண்ணில் பொய் இருந்தால் மூக்கில் வேர்த்துவிடும்.

"நாலு பத்துக்கு எங்கண்ணே இருப்பீங்க?" என்று எதிரே நின்ற டீசல் அண்ணனைக் கேட்டாள்.

"ஜெனரேட்டர்கிட்ட."

"சாட்சி?"

"ஜெனரேட்டர்தான்."

"தண்ணித்தொட்டி நிழலா இருக்குமோ?" என்றார் தலைவியம்மா.

"அதுன்னா மாசாமாசம் நேரம் மாறும்மா. இது கடிகாரம் பாத்து வருது. ஆளுதான்" என்றாள் மீட்டரக்கா.

"அதான், துணியப் போட்டு மூடறான்!" என்றார் பொறியாளர்.

மீட்டரக்கா தாளைப் புரட்டினாள். "மேகம் போட்ட நாள்ல பள்ளமே இல்லையே சார். துணின்னா அன்னைக்கும் குறைஞ்சிருக்கும். நிழலுக்குத்தான் வெயில் வேணும். யாரோ கருவிக்கு மேற்கால வந்து நிக்கிறாங்க. போன மாசம் வெயில் அடிச்சும் ஒன்பது நாள் வரலை. அண்ணன் அந்த ஒன்பது நாளும் டூட்டி."

சொல்லப் பயமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டாள்.

"நீங்கதாம்மா."

தலைவியம்மா மெல்ல உட்கார்ந்தார். "தினம் நாலு மணி டீ குடிச்சிட்டு மேல போவேன். கைப்பிடிச்சுவர்ல சாஞ்சுக்குவேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடுன்னு எல்லாக் கூரையிலயும் சோலார் பலகை நீலமா பளபளன்னு தெரியும். கண்ணத் திறந்துக்கிட்டே கனவு. அடக் கடவுளே, என் நிழல் எங்க விழுதுன்னு பாக்கலியே!"

பொறியாளர் தொண்டையைக் கனைத்தார். "அந்த இருபது நிமிஷத்தை நீக்கிட்டு, காரணத்தை எழுதி அனுப்பிடலாம்."

டீசல் அண்ணன் தலைவியம்மாவின் பக்கம் திரும்பினார். "அந்தக் கனவுல நான் எங்கம்மா இருந்தேன்?"

தலைவியம்மா கண்ணை மூடி அந்தக் கனவில் தேடிப் பார்த்தார். "இல்லண்ணே. உங்களை நான் பாக்கவே இல்லை."

வெட்கமாக இருந்தது அவருக்கு. உத்தரவைக் கிழித்தார். திட்டத்தில் பராமரிப்புக்கான பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதில் முதல் ஆளாக டீசல் அண்ணனை எழுதினார். "நாளைக்கே பயிற்சிக்குக் கிளம்புங்க. மூணு மாசம். சம்பளம் வந்துரும்."

டீசல் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் போயிட்டா ஜெனரேட்டரை யாரும்மா பாத்துக்குவாங்க?" என்றார்.