ரத்தம் சொல்லாத சேதி

பூட்ஸில் ஒட்டிய பனிச்சேற்றைக்கூடத் துடைக்காமல் யூனியன் அறைக்குள் நுழைந்தான் டாரில் லாசான்ஸ். மரம் அறுக்கும் அந்த ஆலையில் வருஷக்கணக்காக கிரேன் ஓட்டுகிறவன். இன்று செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவன் கையில் துடைப்பம்.

"எனக்கு சுகர் இருக்குன்னு எவனோ மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்துட்டான். டாக்டருக்கும் என் பொண்டாட்டிக்கும் தவிர யாருக்குமே தெரியாது. அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும், மோரீன். கிரேனும் எனக்குத் திரும்ப வேணும்."

தொழிலாளர் புகார்களைத் துருவ யூனியன் அனுப்பியிருந்த மோரீன் பெல்லெத்தியே, சூரியகாந்தி விதை ஒன்றைக் கடித்துத் தொலியைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். பாவம் டாரில். கிரேனிலிருந்து ஒருவனை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுகிற வழக்கம் அந்த ஆலையில் இல்லை.

பக்கத்தில் ஸ்டான் துள்ளிக்கொண்டிருந்தான். ரம்பம் ஓட்டுகிறவன், ஆலையில் யூனியனின் ஆள். யோசிப்பதற்கு முன்னால் கோபப்பட்டுவிடும் நல்ல மனசுக்காரன்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? நேத்து நர்ஸ் வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தா. இன்னைக்கு இவனை இறக்கிட்டாங்க. அவதான் சொல்லியிருக்கா. ஆரோக்கியமா இருக்கானா இல்லையான்னு மட்டும்தானே கம்பெனிக்குச் சொல்லணும்? என்ன வியாதின்னு சொல்ல அவ யாரு?"

"நர்ஸ்கிட்ட பேசிட்டேன்" என்றாள் மோரீன். "ரத்தத்தை ஐஸ் பெட்டியில வெச்சு நகரத்துக்கு அனுப்பியிருக்கா. லேப்ல பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம். பிரிக்காத பெட்டி எப்படிப்பா பேசும்?"



"டாரில், உன்னை இறக்கினப்ப மேனேஜர் ஹேவர்ட்டி என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

"'கேபின்ல உக்காந்து ஊசி போட்டுக்கிற ஆளை நான் மேல ஏத்த மாட்டேன்'னாரு."

"ரத்தத்துல சர்க்கரை தெரியும். ஊசியை நீ எங்க உக்காந்து போட்டுக்கிறேன்னு தெரியாது. கண்ணால பார்த்தவங்க யாரோ சொல்லியிருக்காங்க. ஸ்டான், நேத்து நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு."

கேட்டதே போதும் என்று ஸ்டான் மனக்குறையை அவிழ்த்துக் கொட்டினான். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போன்ல சேதி வருது, ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடாதீங்கன்னு. இதுவரைக்கும் இந்த ஆலையில இப்படி ஒண்ணு நடந்ததே இல்ல. நேத்து மெஷினே ஓடல, ஊசிதான் ஓடுச்சு. காப்பி குடிக்காத ஐம்பது பேர், எல்லாம் கரடி மாதிரி உறுமிக்கிட்டு. அதுல இவன் வேற! இங்க எல்லாமே சீனியாரிட்டிதான். லீவு, ஷிப்டு, கார் நிறுத்துற இடம், நேத்து ரத்தம் எடுத்த வரிசைகூட. நான் நாலாவது ஆளு. முதல்ல நிக்கிற கிளிஃப், 'நீ போடா'ன்னு தன் இடத்தை இவனுக்கு விட்டுக் கொடுத்துட்டான். இவனுக்கு முன்னாடி முப்பது பேர் இருக்கோம்! எல்லாரும் கத்தினோம், அவன் காதுலயே வாங்கல."

மோரீனின் கை விதைப் பொட்டலத்துக்குள் போய் அப்படியே நின்றது. "கிளிஃப் தன்னோட கார் இடத்தை எப்பவாவது யாருக்காவது விட்டிருக்கானா?"

"அவனா? பெத்த பையனுக்கே விடமாட்டான்."

"அவன் வேலை?"

டாரில்தான் பதில் சொன்னான், குரல் இறங்கிப்போய். "என் கிரேனுக்குக் கீழே நின்னு கட்டைக்குச் சங்கிலி மாட்டுறது. என் கூட்டாளி."

சற்று நேரத்தில் மேனேஜர் ஹேவர்ட்டியின் அறையில் ஐந்து பேரும் கூடியிருந்தார்கள். நின்றுகொண்டிருந்த கிளிஃப் ஓட்கார்ட் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சுகர்காரன் பட்டினி கிடந்தா மயக்கம் வரும்" என்றாள் மோரீன் நிதானமாக. "அதை நினைச்சுத்தானே உன் இடத்தை விட்டுக் கொடுத்தே, கிளிஃப்? அப்படின்னா ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். நீ மேனேஜர்கிட்ட சொன்னே. பேரு வெளிய வரக்கூடாதுன்னு கெஞ்சினே. டெஸ்ட்ல தெரிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்கட்டும்னு இவர் அவசர அவசரமா நர்ஸை வரவழைச்சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க ஐம்பது பேர் கையில ஊசி! ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுக்கத்தான் இவருக்குப் பொறுமை இல்ல."

ஹேவர்ட்டியின் முகம் சிவந்தது. "கட்டை விழுந்து ஆள் செத்தா யார் பதில் சொல்றது? பாதுகாப்புக்காகத்தான் செஞ்சேன்!"

"பாதுகாப்பு வேணும்னா இவனை மட்டும் டாக்டர்கிட்ட அனுப்பி, கிரேன் ஓட்டலாமா கூடாதான்னு கேட்டிருக்கணும். அந்தக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வியாதி பேரைக் கேட்கத்தான் உரிமை இல்ல. லேப்ல இருக்கிற அத்தனை ரத்தத்தையும் இன்னைக்கே கொட்டச் சொல்லுங்க. இல்லேன்னா ஐம்பது புகார் வரும்."

ஹேவர்ட்டி பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று ஸ்டான் மேசையைத் தட்டப் போனான். டாரில் அதைப் பார்க்கவே இல்லை. அவன் கண் கிளிஃப் மேல் இருந்தது.

"துரோகிப் பயலே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சிரிச்சே மழுப்பிடுவே. ஊசி போடுறதைப் பார்த்து மாசக்கணக்காச்சுடா. யார்கிட்டயாவது வாயைத் திறந்தேனா?" கிளிஃபின் குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமை உன் தலை சாஞ்சு போச்சு. கட்டை என் தலைக்கு மேல தொங்குது. நான் கத்துறேன், உனக்குக் கேட்கல. அப்புறம் நீயா நிமிர்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி லீவரைப் பிடிச்சே."

 மேசையைத் தட்டப் போன கையை ஸ்டான் இறக்கிக்கொண்டான். யார் சொன்னது, யார் சொன்னது என்று காலையிலிருந்து குதித்தவன், சொன்னது உண்மையா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

"என் தலை சாஞ்சுதா?" என்றான் டாரில். அவனுக்கே அது புதுச் செய்தி.

கிளிஃப் தலையாட்டினான்.

டாரில் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஹேவர்ட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாரில் கையை உயர்த்தித் தடுத்தான்.

"இருங்க. நான் சொல்றேன்." எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். "எனக்கு சுகர் இருக்கு. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் கிரேன் ஏறமாட்டேன்."