கோழிக்கூட்டுக் கணினி

"தொடாதீங்க மாமா!"

மொகா பாய்ந்து சிஃபா மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். டேப்லட் திரையில், "கார்டு பழுது. அழித்துப் புதிதாக்கவா?" என்ற கேள்வி நின்றது.

"புதுசாக்கவான்னுதானே கேக்குது?"

"அழிச்சுட்டுன்னும் சொல்லுது! உள்ள அம்மா பாட்டு இருக்கு மாமா."

நகத்தளவு மெமரி கார்டு. அம்மா பாடிய தாலாட்டு அதில்தான் இருந்தது. அம்மா இறந்து ஆறு வருடம். தம்பி தோகியா அப்போது கைக்குழந்தை. பிறந்ததிலிருந்து வெட்டாத அவனுடைய நீண்ட முடியை, தீவு வழக்கப்படி நாளை ஊரே கூடி வெட்டும் விழா. "அம்மா பாட்டைக் கேட்டுக்கிட்டே உட்காரலாம்டா" என்று மொகா வாக்குக் கொடுத்திருந்தாள்.

கைபேசி பழுதுபார்க்கும் பீதா அண்ணன் தன் கடையில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கார்டு நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ்ங்கிற வேற கணினி முறையில எழுதியிருக்கு. உன் டேப்லட்டுக்கு அதைத் திறக்கத் தெரியல, கெட்டுப்போச்சுன்னு புளுகுது."

"உங்க கணினி திறக்குமா?"

"அதுவும் திறக்காதும்மா."

மொகா அழுதுகொண்டே வீடு திரும்பினாள். வாசலில் தோகியா காத்திருந்தான்.

"அக்கா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

சொல்ல வாயைத் திறந்தாள். எவ்வளவு யோசித்தும் அவளுக்கே நினைவு வரவில்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். எழுதியவருக்குத் தன் கையெழுத்து தெரியாமலா போகும்? இந்தக் கார்டில் எழுதியது எது?

"மாமா! அம்மா பாட்டைப் பதிவு பண்ணின என் பழைய பள்ளிக்கூடக் கணினி எங்க? பச்சையா, முயல் காது மாதிரி ரெண்டு ஆன்டெனா வச்சிருக்குமே!"

மாமா தலையைச் சொறிந்தார். "கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்."

கோழி எச்சத்தைத் துடைத்தார்கள். மாமா எங்கோ கிளறி அதன் சார்ஜரைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை சின்ன விளக்கு எரிந்தது.

கார்டைச் செருகினாள். கணினி எதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்ததை அப்படியே காட்டியது. மொகா பாட்டை ஓடவிட்டாள். கரகரப்பாக அம்மாவின் குரல் எழுந்தது. திரையோ அணைந்து அணைந்து எரிந்தது.

மொகா டேப்லட்டை அருகில் பிடித்து, குரலைப் பதிவு செய்தாள். கூட்டுச் சேவல் கூவியது. அவள் கையை அசைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் பச்சைக் கணினி அணைந்தது. பிறகு எரியவே இல்லை.

மறுநாள், சடைசடையாக ரிப்பன் கட்டிய தலையோடு தோகியா நாற்காலியில் உட்கார்ந்தான். டேப்லட்டில் அம்மா பாடினாள். நடுவில், "கொக்கரக்கோ!"

ஊரே சிரித்தது. கத்தரிக்கோல் பிடித்திருந்த மாமாவும் சிரித்தார்.

தோகியா மட்டும் உதட்டில் விரலை வைத்தான்.

"உஷ்! அம்மா பாடுறாங்க."