முப்பத்தோராவது கோடு

றோஸ்மேரி முப்பது தடவைதான் ஒலி கொடுத்திருந்தாள். திரையில் முப்பத்தொரு கோடுகள் இருந்தன.

ஒலி கேட்டு ஐந்து வினாடிக்குள் எலி பெட்டியின் மறுபாதிக்கு ஓடிவிட வேண்டும். இல்லையென்றால் கம்பித்தரை அதன் கால்களில் மின்சாரம் பாய்ச்சும். ஒவ்வொரு ஒலியோடும் ஒரு வயர் வழியே துடிப்பொன்று போய், எலியின் மூளைப் பதிவில் கோடு போடும். ஒலியும் கோடும் பிசகாமல் பொருந்தினால்தான் பேராசிரியர் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கவிடும் பெர்மெஸ்ஸோவும் இல்லை. அந்த மனுசனோ ஓகஸ்ட் விடுமுறையில் கடற்கரையில் கிடந்தபடி, ஐந்தை மூன்றாக்கு என்று செய்தி அனுப்பியிருந்தார். மனதுக்குள் திட்டிக்கொண்டே மூன்றாக்கினாள். பலெர்மோ நகரமே கதவடைத்துத் தூங்கிய அந்த மத்தியானத்தில், யன்னல் இடுக்கில் சிரொக்கோ வெக்கைக் காற்று முனகிக்கொண்டிருக்க, எலி மூத்திர வாடையும், அந்த ஆய்வுகூடத்திலேயே துப்புரவு வேலை செய்யும் அம்மா சறோஜாவின் வாளியிலிருந்து எழுந்த பிளீச் நெடியும் கலந்து மூக்கை அரித்தன.

துடிப்பு போகும் வயரைப் பிடுங்கினாள். அப்போதும் கோடு விழுந்தது.

எலியைக் கழற்றிக் கூண்டில் விட்டாள். அதன் தலையில் மாட்டியிருந்த கேபிள் காற்றில் தொங்கியது. ஆனாலும் திரையில் மூளை அலைகள் ஓடின. ஒரு மூளையினது அல்ல, இரண்டினது.

இவ்வளவு நேரமும் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, இப்போது அறையின் மறுபக்கம் நின்றாள்.

"ஏனம்மா அங்கை போனனீங்கள்?"

"நான் எங்கை போனனான்? முதலே இஞ்சைதானே நிக்கிறன்."

ஈரத்தரையில் அம்மாவின் காலடிகள் இரண்டு சுவர்களுக்கும் நடுவே போயும் வந்தும் ஒரே தடமாகக் கிடந்தன.

கோடு விழுந்தது. அவள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். எழுந்த ஞாபகமே இல்லை. எதிரே அவளுடைய நாற்காலி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"வீட்டை போவம், பிள்ளை."

"பதிவை மூடாமல் போனால் வேலை போயிடும், அம்மா."

அவள் திரையருகே போனாள். பயந்துபோன அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

கோடு.

ஒன்று. மறுபக்கச் சுவரில் றோஸ்மேரியின் முதுகு இடித்தது.

இரண்டு. அம்மா நாற்காலியடியில் வழுக்கி விழுந்துகிடந்தாள். "கையைத் தா, பிள்ளை." போக நினைத்தாள். கால்கள் அசையவில்லை. பெற்ற தாயை விட்டுவிட்டு ஓடிய கால்கள்.

மூன்று.

நீட்டிய கை மின்சாரம் பாய்ந்ததுபோல் விறைத்தது. பற்கள் கிட்டின. குதிகால்கள் தரையில் அடித்தன. பிறகு அடிக்கவில்லை.

அடுத்த கோடு விழுந்தது. றோஸ்மேரியின் கால்கள் அம்மாவை மிதித்துக்கொண்டு ஓடின.