எட்டாவது முடிச்சு

எட்டாவது முடிச்சு விரலில் தட்டியபோது ரட்மிலாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எண்ணிக்கையில் எங்கோ தவறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். மொத்தம் ஏழு முடிச்சுகள். கயிற்றைக் கட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

செக் நாட்டின் பிர்டி காட்டுக்குள் இருக்கும் மரவீட்டுக்கு வெள்ளிக்கிழமை மாலையே பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். பூர்ச்சமரப் பட்டையைச் சுரண்டி அந்தத் தூளில் தீப்பொறி விழவைக்கவும், பச்சைக் குச்சியைச் சீவி அதில் தொத்திறைச்சியைக் குத்தி வாட்டவும், ஊசியிலைக் கிளைகளைச் சாய்த்துக் குடிசை போடவும் முகாமை நடத்தும் வெண்டெலீன் சொல்லிக்கொடுத்தான். சனிக்கிழமை காலை முடிச்சுகள். அது முடிந்ததும் ஒரு சுருள் நீல நைலான் கயிற்றை எடுத்து ரட்மிலாவிடமும், ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஓல்ட்ரிஹிடமும் கொடுத்தான்.

"மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுங்க. ஏழு மரம் போதும். அதுக்கு மேல போனா பொடிசுங்க அழ ஆரம்பிச்சிரும்."

"ஓல்ட்ரிஹ் அண்ணன் கட்டுனா முறுக்கு ரொட்டி மாதிரிதான் இருக்கும், பரவால்லையா?" என்றாள் ரட்மிலா.

"பசிச்சா கடிச்சுக்கலாம்ல," என்றார் ஓல்ட்ரிஹ்.

மதியத்துக்கு மேல் விளையாட்டு தொடங்கியது. கண்ணைக் கட்டிக்கொண்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொருவராகக் காட்டுக்குள் நடக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சிலும் தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று தொங்கும். ஊசியிலை மரத்துக் காய், ஆட்டு ரோமம், மரக்கரண்டி. சரிவுக்குக் கீழே, கயிறு முடியும் வெட்டவெளியில் ஒரு மாட்டுமணி. அதை அடித்த பிறகுதான் கண்கட்டை அவிழ்க்கலாம். பிள்ளைகள் முதலில் போனார்கள், பிறகு பெற்றோர், வழி தெரிந்தவள் என்பதால் எல்லோருக்கும் கடைசியில் ரட்மிலா.

"பில்சென்ல டிராம் ஓட்டுற அம்மாவுக்கு இதெல்லாம் சும்மா," என்றான் வெண்டெலீன். "தண்டவாளத்துக்குப் பதிலா கயிறு. அவ்வளவுதான்."

ஒன்பது வயது யோஹான்கா தன் முறைக்குப் புறப்படும்போது அம்மாவின் பக்கம் திரும்பி, "நடுவுல கண்ணத் தொறந்தா தட்டு முழுக்க நீதான் கழுவணும்மா. நீ கண்டிப்பா தொறப்ப. அப்பான்னா தொறக்க மாட்டாரு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கடைசி வாக்கியம் ரட்மிலாவுக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எட்டாவது முடிச்சு வந்தபோதும் அவள் கண்கட்டைத் தொடவில்லை.

அந்த முடிச்சில் எதுவும் தொங்கவில்லை. பெரிய முடிச்சு. சில்லென்று ஈரமாக, மேலே மெத்தென்ற பாசியோடு, உள்ளே கரடுமுரடாக இருந்தது. ஓல்ட்ரிஹ் தன்னைக் கலாய்ப்பதற்காகவே கூடுதலாக ஒன்றைப் போட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்து அதைத் தாண்டினாள். அதற்குப் பிறகு கயிறே வேறாக இருந்தது. வழவழவென்று விரலுக்குள் ஓடிக்கொண்டிருந்த நைலான் போய், பிசுபிசுப்பும் சிலும்புமாக நார்க்கயிறு. நிலவறையில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த வாடை அதிலிருந்து வந்தது. சற்று முன்வரை தலைக்கு மேல் மரங்கொத்தி ஒன்று தட்டிக்கொண்டிருந்தது. கீழே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது காய்ந்த இலைகளின் மேல் அவளுடைய காலணி பதியும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் கம்பளிக்குள் வைத்துப் பொத்தியதைப் போல.

ஒன்பது. பத்து. இரண்டு கயிறுகளைச் சேர்த்துக் கட்டிய இடம் ஒன்று இருக்க வேண்டுமே என்று யோசித்தாள். அதைக் கண்டுபிடித்தால் விஷயம் புரிந்துவிடும். திரும்பி வந்த வழியே நடந்தாள். கயிறு வலது கைக்கு மாறியது. ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. இதோ நைலான் வந்துவிடும். நான்கு, ஐந்து. வரவில்லை. பத்து முடிச்சுகள் பின்னால் நடந்தும் நார்க்கயிறு நார்க்கயிறாகவே இருந்தது. பத்து பின்னால் வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்க வேண்டும். அங்கே வெண்டெலீன் நட்டுவைத்த கம்பு இருக்கும். கையை நீட்டித் துழாவினாள். கம்பு இல்லை. காற்றுகூட இல்லை.

"வெண்டெலீன்? போதும்ப்பா விளையாட்டு."

அவளுடைய குரல் வாயை விட்டு ஒரு முழம்கூடப் போனதாகத் தெரியவில்லை.

மறுபடி முன்னோக்கித் திரும்பி, கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் கயிறு லேசாக அசைந்தது. முன்னால் யாரோ அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தால் எப்படி அசையுமோ, அப்படி. ஓல்ட்ரிஹ் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று ஒரு நொடி மனது லேசானது. ஆனால் ஓல்ட்ரிஹ் மணியடித்ததை அவள் காதால் கேட்டிருந்தாள். எல்லோரும் கைதட்டியதையும் கேட்டிருந்தாள்.

கயிறு மறுபடி அசைந்தது. இந்த முறை பின்னாலிருந்து.

அவள் நின்றாள். அது நின்றது. அவள் ஓர் அடி வைத்தாள். முன்னாலும் பின்னாலும் ஓர் அடி.

அவள்தான் கடைசி ஆள். பின்னால் யாரும் இல்லை.

அப்போது கீழே, இடதுபக்கச் சரிவிலிருந்து, வெகு அருகில் யோஹான்காவின் குரல் கேட்டது.

"அம்மா? எங்கம்மா இருக்க? எல்லாரும் வந்துட்டாங்க."

மகளின் குரல்தான். தொண்டையில் சளி கட்டிய, வெள்ளிக்கிழமையிலிருந்து இருமிக்கொண்டிருந்த அதே குரல். தட்டு கழுவினால் கழுவிவிட்டுப் போகிறோம். கயிற்றை விட்டுவிட்டு அந்தக் குரலை நோக்கி நடந்தால் முப்பது அடி. அவ்வளவுதான். ரட்மிலா கையை விட்டாள்.

கை விடவில்லை.

விரல்களை நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. காலை நான்கு மணிக்கு டிராமின் கைப்பிடியைப் பிடிக்கும்போது எப்படி இயல்பாக மடியுமோ, அப்படியே மடிந்திருந்தன. வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தினாள். நிமிர்த்திய விரல் மெல்லத் திரும்பிப் போய்க் கயிற்றின்மேல் படிந்துகொண்டது.

வலது கையால் கண்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

வெளிச்சம். அக்டோபர் மாதத்து நாலு மணி வெயில் ஊசியிலை மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில், மரத்திலிருந்து மரத்துக்கு அந்த நீலக் கயிறு. அவள் கட்டிய முடிச்சு. அதில் தொங்கும் மரக்கரண்டி. கீழே வெட்டவெளி, புகை, தரையில் கிடக்கும் தட்டுகள். எல்லாம் இருந்தன.

அவளுடைய கயிறு நீலக் கயிற்றை ஒட்டியே போனது. அது எந்த மரத்திலும் கட்டப்படவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது.

அவளுக்கு முன்னால், சரிவு முடியும் இடம்வரை, வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் கண்ணைக் கட்டியிருந்தது. ஒருவர் மழைச்சட்டை, ஒருவர் பழைய காலத்து முரட்டுக் கோட்டு, ஒரு பெண் முழங்காலுக்குக் கீழே விழும் பாவாடை. காலணிகளுக்கு மேல் பாசி ஏறியிருந்தது. சிலருக்கு இடுப்புவரை. கயிற்றின்மேல் அவர்களுடைய இடது கைகள் மடங்கி, பச்சை படர்ந்து, உருண்டையாக.

அவள் எண்ணியவை முடிச்சுகள் அல்ல.

திரும்பிப் பார்த்தாள். பின்னாலும் அப்படியே.

அதே நேரம் வெண்டெலீன் நீலக் கயிற்றைப் பிடித்தபடி சரிவில் ஏறி வந்தான். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்த்தான். அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவன் வாயிலிருந்து வந்த வெங்காய வாடைகூட அவள்மேல் வீசியது.

"ரட்மிலா. எங்க இருக்கீங்க? கால் எதுவும் பிசகிடுச்சா?"

வலது கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். துணி விரல்களுக்கு நடுவே புகைபோல நழுவியது. அவன் அவளைத் தாண்டி மேலே போனான். "ஓல்ட்ரிஹ் அண்ணே, வீட்டுப் பக்கம் பாத்தீங்களா?" என்று கத்திக்கொண்டே போனான். அவனுடைய குரல் தேய்ந்தது. மற்றவர்களும் அந்தப் பக்கம்தான் ஓடினார்கள்.

வெட்டவெளியில் யோஹான்கா மட்டும் நின்றாள். மஞ்சள் கம்பளித் தொப்பி. கையில் அரைகுறையாக வாட்டிய தொத்திறைச்சி. அதைத் தட்டில் வைத்தாள். மணி தொங்கும் கம்பத்தருகே வந்து காட்டைப் பார்த்தாள்.

"யோஹான்கா, போயிரு," என்று கத்தினாள் ரட்மிலா. "இங்க வராத. வெண்டெலீன் மாமாகிட்ட ஓடு."

குழந்தையின் முகம் மலர்ந்தது. "அம்மா. அங்கயா இருக்க?"

கேட்டிருக்கிறது. சொல் போகவில்லை. குரல் மட்டும் போயிருக்கிறது.

ரட்மிலா வாயை மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சத்தம் வரக் கூடாது. மூச்சுகூட. குழந்தை ஓர் அடி வைத்து, நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றும் கேட்காமல் தயங்கினாள். திரும்பிப் போகப் பார்த்தாள்.

போ. போயிரு கண்ணு.

முன்னால் நின்ற முரட்டுக் கோட்டுக்காரரின் தாடை மெல்ல இறங்கியது. உள்ளிருந்து ரட்மிலாவின் குரல் வந்தது.

"இங்கதான்டா செல்லம் இருக்கேன். பயமா இருக்கு. வா."

"பயப்படாதம்மா," என்றாள் யோஹான்கா. "நான் வரேன். நானும் கண்ண மூடிக்கிறேன், சரியா? ரெண்டு பேரும் ஒண்ணா வந்துரலாம்."

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நீலக் கயிற்றைப் பிடித்தாள். இருமிக்கொண்டே ஏறி வந்தாள். முதல் மரம். முடிச்சைத் தாண்டி அடுத்த பக்கம் பிடித்தாள். இரண்டாவது மரம். மூன்றாவது.

ரட்மிலா அலறினாள். அந்த அலறல் குழந்தையை இன்னும் வேகமாக நடக்க வைத்தது.

அடுத்த மரம் ரட்மிலாவுக்கு நேர் எதிரே. யோஹான்கா முடிச்சைத் தொட்டாள். மரக்கரண்டியைத் தடவிச் சிரித்தாள். பிறகு கையை எடுத்து, மரத்துக்கு அந்தப் பக்கம் கயிறு எங்கே தொடங்குகிறது என்று காற்றில் துழாவினாள். சின்ன உள்ளங்கை. விரிந்த ஐந்து விரல்கள்.

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் முழங்காலை மடித்தது. ரட்மிலாவின் முழங்காலும் மடிந்தது. நார்க்கயிறு மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்து, குழந்தையின் கை இருந்த உயரத்துக்கு வந்து நின்றது.